புலத்தை ஆள்வது யார்?

இங்கே வந்து சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். “சமூக அறிவியல் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது, ஆச்சி” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஆச்சி, “எம்.ஏ. முடிச்ச பிள்ளைய மறுபடியும் பள்ளிக்கூடத்துலயா சேத்திருக்காவ?” என்று கேட்டார். அறையில் இருந்த நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால், ஆச்சியின் கேள்விக்கு எனக்கே சரியான விடை தெரியவில்லை. ‘ஸ்கூல்’ என்பது என்ன? ஒரு கட்டடமா? சில துறைகளின் கூட்டமா? அதன் தலைவர் யார்? அவர் நினைத்தால் எதையும் செய்துவிட முடியுமா?

இக்கேள்விகளுக்கு விடை தெரியாமலே நம்மில் பலர் இரண்டாண்டோ ஐந்தாண்டோ படித்துப் பட்டமும் பெற்றுச் சென்றுவிடுகிறோம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் அதனால் தீங்கில்லை. ஏதேனும் ஒன்று தடைப்படும்போதுதான் அறியாமையின் விலை தெரிகிறது. அவ்விலையைக் கொடுத்த நண்பர் ஒருவரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நண்பரின் நான்கு மாதம்

அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வேறோர் ஊரில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். உதவித் தொகையில் பாதியை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புவார். அவருடைய நெறியாளர் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றார். புதிய நெறியாளர் அமைய வேண்டும். நெறியாளர் கையொப்பம் இல்லாமல் உதவித் தொகை வராது. முன்னேற்ற அறிக்கையும் ஏறாது.

நண்பர் என்ன செய்தார்? நேரே புலத்தின் முதன்மையரிடம் சென்றார். ஊரில் பெரியவர் ஒருவரைப் பார்த்துக் குறையைச் சொன்னால் காரியம் நடக்கும் என்று வளர்ந்தவர் அல்லவா? முதன்மையர் நல்லவர். “பார்க்கலாம், வந்து போ” என்றார். நண்பரும் வந்து வந்து போனார். நான்கு மாதம் அந்த அறை வாயிலில் கழிந்தது. வீட்டுக்குப் பணம் போகவில்லை. “படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுகிறேன்” என்று எனக்கு எழுதினார்.

கடைசியில் அவருக்கு வழி காட்டியவர் அலுவலகத்தில் பழைய ஊழியர் ஒருவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: “இதைத் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தாயா? பாடத்திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறியதா?” நண்பர் அன்றே எழுதிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. புலக் குழுவுக்குப் பரிந்துரை சென்றது. புதிய நெறியாளர் அமைந்தார். நான்கு மாதம் நடக்காதது, இரண்டு கூட்டங்களில் நடந்துவிட்டது.

முதன்மையர் மனமில்லாமல் இழுத்தடித்தார் என்று சொல்ல முடியாது. தம் தனிக் கையெழுத்தால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய முடியாமல் இருந்தார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் தவறினார். நண்பரோ, ஓர் அவையிடம் கேட்க வேண்டியதை ஓர் ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இக்கட்டுரையின் முழுப் பொருளும் இதில் அடங்கும். புலத்தை ஆள்பவை அவைகள். எந்த அவைக்கு எந்த அதிகாரம் என்பதை அறிந்தவன் கெஞ்ச வேண்டியதில்லை, கேட்கலாம்.

புலம் வந்த வழி

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் தோன்றியபோது, அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையே தொழிலாகக் கொண்டிருந்தன. பாடம் சொல்லும் வேலை கல்லூரிகளுடையது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகே பல்கலைக் கழகம் தானே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராயவும் வழி பிறந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் ஆட்சிப் பேரவை, ஆட்சிக் குழு என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்தோம். அவை அந்தப் பழைய அமைப்பின் வழிவந்தவை.

நாடு விடுதலை பெற்ற பிறகு தோன்றிய மத்தியப் பல்கலைக் கழகங்கள் சில வேறு வழியை மேற்கொண்டன. 1969இல் தொடங்கிய டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகமும், 1974இல் தொடங்கிய ஐதராபாத் பல்கலைக் கழகமும் ‘ஸ்கூல்’ என்ற அமைப்பைத் தம் கல்விப் பணிக்கு அடிப்படையாக வைத்தன. ஒன்றோடொன்று உறவுடைய பாடங்கள் சுவர் எழுப்பிக்கொண்டு தனித்தனியே கிடக்காமல், ஒரு கூரையின்கீழ்க் கூடிப் பேச வேண்டும் என்பது இதன் நோக்கம். வரலாறு படிப்பவன் பொருளாதாரமும் கேட்கட்டும். வேதியியல் கற்பவன் உயிரியலையும் எட்டிப் பார்க்கட்டும். தமிழில் இதைப் ‘புலம்’ என்கிறோம். ‘பள்ளி’ என்று மொழிபெயர்த்தால் ஆச்சியின் கேள்விக்கு ஆளாவோம்!

2009இல் நாடாளுமன்றம் மத்தியப் பல்கலைக் கழகங்கள் சட்டம் என்ற ஒரு பொதுச் சட்டத்தை இயற்றியது. கேரளம், கருநாடகம், குசராத்து, சார்க்கண்டு, அரியானா முதலிய பல மாநிலங்களில் ஒரே சட்டத்தால் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகமும் அவற்றுள் ஒன்று. நாம் படிக்கும் இப்பல்கலைக் கழகமும் அதே தாயின் பிள்ளை. ஆதலால் கீழே சொல்வது இவ்வளாகத்திற்கு மட்டுமன்று, அத்தனை உடன்பிறப்புகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அடிப்படி: துறையும் பாடத்திட்டக் குழுவும்

புலத்தின் உறுப்பு துறை. துறைக்குத் தலைவர் உண்டு; அவர் பதவிக் காலம் மூன்றாண்டு. வகுப்பு அட்டவணை, வருகைப் பதிவு, நாம் கொடுக்கும் விண்ணப்பம் ஆகிய அனைத்தும் முதலில் அவர் மேசைக்கே வரும்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. பெயரைப் பார்த்துப் பாடத்திட்டம் மட்டுமே இதன் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஆராய்ச்சிப் பொருளுக்கு ஒப்புதல் அளிப்பது இக்குழு. இது தானே முடிவு செய்யும் அதிகாரம். நெறியாளரை அமர்த்துதல், புதிய பாடங்கள், பாடங்களுக்குத் தேர்வாளர் நியமனம், கற்பித்தலின் தரத்தை உயர்த்தும் வழிகள் ஆகியவற்றில் இக்குழு புலக் குழுவுக்குப் பரிந்துரை செய்யும். அங்கே முடிவு, இங்கே பரிந்துரை என்ற இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் நமக்கு மிக முக்கியமானது. ஆராய்ச்சித் தலைப்பைத் திருத்த வேண்டுமானால் ஒரு கூட்டம் போதும். நெறியாளரை மாற்ற வேண்டுமானால் இரண்டு படி ஏற வேண்டும். அதற்கேற்ப நாட்களைக் கணக்கிட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்க்கு மற்றொரு குழுவும் உண்டு. பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி, ஒவ்வொருவருக்கும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு ஒன்று அமைய வேண்டும். பருவந்தோறும் மாணவர் அதன்முன் தம் வேலையைக் காட்ட வேண்டும். ஆய்வை முடிக்கும் எல்லை ஆறாண்டு. மறுபதிவால் மேலும் இரண்டாண்டு பெறலாம். மகளிர்க்கும், நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உடையோர்க்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு தரலாம். மகப்பேற்று விடுப்பாக 240 நாட்கள் வரை உண்டு. நெறியாளர்களுக்கும் அளவு உண்டு: பேராசிரியர் ஒரே காலத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் ஏற்கலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது. என் நண்பருக்கு நேர்ந்தது போன்ற இடர்ப்பாட்டைக் குறைப்பதற்கு வந்த விதி இது. சேரும்போதே நெறியாளரின் ஓய்வு நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடுப்படி: புலக் குழுவும் முதன்மையரும்

துறைகளிலிருந்து வருபவை கூடும் இடம் புலக் குழு. ஒரு துறையின் பாடம் மற்றொரு துறையின் பாடத்தோடு மோதுகிறதா, ஒரே பொருளை இரண்டு துறைகள் நடத்துகின்றனவா, ஒரு துறை மாணவர் மற்றொரு துறையில் விருப்பப் பாடம் எடுக்க இயலுமா என்பவற்றைப் பார்க்க வேண்டிய இடம் அது. துறைக்குள்ளே நின்று பார்ப்பவருக்குத் தெரியாதது அங்கே தெரியும்.

புலத்தின் தலைவர் முதன்மையர். ‘டீன்’ என்று நாம் அழைப்பவர் இவரே. புலத்தில் உள்ள பேராசிரியர்களுள் பணிமூப்பு வரிசைப்படி, முறை வைத்து, மூன்றாண்டுக் காலத்திற்குத் துணைவேந்தர் இவரை அமர்த்துகிறார். அறுபத்தைந்து வயதானால் பதவி நீங்கும். கற்பித்தலும் ஆராய்ச்சியும் தரம் குன்றாமல் நடைபெறப் பொறுப்பாளி இவர்.

அவர் அதிகாரத்தின் எல்லையைக் காட்டும் விதி ஒன்று உண்டு. தம் புலத்தைச் சேர்ந்த எந்தப் பாடத்திட்டக் குழுவின் கூட்டத்திலும் முதன்மையர் வந்து அமரலாம், பேசலாம். ஆனால் அக்குழுவின் உறுப்பினராக இல்லாவிட்டால் வாக்களிக்க அவருக்கு உரிமை இல்லை! ஒரு பாடத்தைப் பற்றிய முடிவு அப்பாடம் அறிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முறை வைத்துப் பதவி மாறுவதும் பொருளற்ற சடங்கன்று. இன்று முதன்மையராக இருப்பவர் நாளை மீண்டும் பேராசிரியராக மட்டும் அமர்ந்திருப்பார். இன்று அவர் முன் அமர்ந்திருப்பவர் நாளை அந்த நாற்காலிக்கு வருவார். இதை நினைவில் வைத்தால் ஒருவரை ஒருவர் மதிக்கத் தோன்றும். நம் முன்னோர்க்கும் இவ்வுண்மை தெரிந்திருந்தது. உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் எடுக்கும் முறையை அவை சொல்கின்றன. வாரியப் பதவி ஓராண்டுக்கே உரியது. அண்மையில் வாரியம் செய்தவர் உடனே மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. அது எல்லாருக்கும் திறந்த அவையன்று. நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே உரியதாக இருந்தது. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பதவி ஒருவரிடத்தில் உறைந்துவிடக் கூடாது, பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நம் மண்ணில் கல்லில் நிற்கின்றன.

மேற்படி: கல்விக் குழுவும் ஆட்சிக் குழுவும்

புலத்திற்கு மேலே இரண்டு பெரிய அவைகள் உள்ளன. கல்வி தொடர்பானவற்றுக்குத் தலைமை அவை கல்விக் குழு. நிருவாகத்திற்குத் தலைமை அவை ஆட்சிக் குழு. இரண்டுக்கும் துணைவேந்தரே தலைவர், பதிவாளரே செயலாளர். இவற்றிற்கு அப்பால், பரந்த கொள்கைகளை அவ்வப்போது ஆராயும் பேரவை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ‘விசிட்டர்’ என்ற பெயரில் குடியரசுத் தலைவர் இருக்கிறார்.

ஆட்சிக் குழு நினைத்தால் நம் பாடத்தை மாற்றிவிட முடியுமா? இங்கே சட்டம் நுட்பமான ஒரு தடையை வைத்திருக்கிறது. சேர்க்கை, பாடம், தேர்வு, பட்டம் முதலியவற்றை வகுப்பவை ‘ஆர்டினன்ஸ்’ என்னும் விதிகள். அவற்றை இயற்றும் அதிகாரம் ஆட்சிக் குழுவுக்கு உண்டு. ஆனால் இத்தகைய விதியின் வரைவு கல்விக் குழுவிடமிருந்து வர வேண்டும். வந்த வரைவை ஆட்சிக் குழு தள்ளிவிடலாம். கருத்துரைத்துத் திருப்பி அனுப்பலாம். தானே ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கல்வியின் சொல் கல்வியாளரிடமிருந்து பிறக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய கரை இது.

பணத்தின் வழி வேறு. முதன்மையர் கையில் புலத்தின் கருவூலம் இல்லை. ஆசிரியர் பணியிடம் ஒன்று புதிதாக வேண்டுமானால், அதை நிதிக் குழு முதலில் ஆராய வேண்டும். அதன்பிறகே ஆட்சிக் குழு எடுத்துக்கொள்ளும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் துணைவேந்தர் தலைவர். விசிட்டரின் சார்பாளரும் வெளி வல்லுநர்களும் அதில் அமர்வார்கள். நியமனம் செய்வது ஆட்சிக் குழு. ஆண்டுக் கணக்கை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தணிக்கை செய்கிறார். அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. ‘நம் ஆய்வகத்துக்கு ஒரு கருவி வாங்க ஏன் இத்தனை காலம்?’ என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்தக் கருவியின் விலைக்கு நாடு முழுவதுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

அவைகள் கூடாதபோது

இவ்வளவு அழகான அமைப்பு இருந்தும் குறை ஏன் நேர்கிறது? அவைகள் கூடாவிட்டால் அமைப்பு வெறும் ஏடு.

அவசரமான பொருளில், எந்த அவையின் அதிகாரத்தையும் துணைவேந்தர் தாமே செலுத்தலாம் என்று சட்டம் இடம் தருகிறது. வெள்ளம் வந்தபோது அவையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இந்த அதிகாரம் தேவையானதே. செய்ததை அடுத்த கூட்டத்தில் அந்த அவைக்கு அறிவிக்க வேண்டும்; அது தகாது என்று அவை கருதினால் விசிட்டரிடம் முறையிடலாம்; அவர் முடிவே இறுதி. இந்த அவசரம் பழக்கமாகிவிட்டால் என்ன ஆகும்? கூட்டங்கள் பிறர் செய்ததைக் கேட்டுத் தலையசைக்கும் இடங்களாகிவிடும். அதே நோய் சிறிய அளவில் துறையிலும் வரலாம்: பாடத்திட்டக் குழு கூடாமல் தலைவரே எல்லாவற்றையும் ‘பின்னேற்புக்கு உட்பட்டு’ முடித்துவிடுவார். முதல் நாள் அது வசதியாகத் தோன்றும். நமக்கு எதிரான முடிவு ஒன்று அவ்வாறு வரும் நாளில்தான் கூட்டத்தின் அருமை தெரியும்.

மாணவருக்கு இடம் எங்கே?

இச்சட்டத்தின் விதிகளில் மாணவர் மன்றம் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. மாணவர் நலத் தலைவர் அதற்குத் தலைவர். படிப்பு, கலை, விளையாட்டு முதலியவற்றில் பரிசு பெற்றோரும், கல்விக் குழு நியமிக்கும் இருபது மாணவரும், மாணவரால் தேர்ந்தெடுக்கப்பட்டோரும் உறுப்பினர். பாடத்திட்டம், மாணவர் நலம் பற்றி உரிய அவைகளுக்குக் கருத்துச் சொல்வது அதன் வேலை. ஆண்டுக்கு இருமுறையேனும் அது கூட வேண்டும். கருத்துச் சொல்லலாம், முடிவு செய்ய முடியாது. இது குறைவான இடம்தான். ஆனால் கிடைத்த இடத்தில் அமராதவன் பெரிய இடம் கேட்டு என்ன பயன்?

குறை நேர்ந்தால் செல்லும் வழிகளும் உள்ளன. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் குறைதீர் குழு அமைய வேண்டும். அதில் ஒரு பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் உறுப்பினராக இருத்தல் வேண்டும்; மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக அமர்வார். பதினைந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லையானால் பதினைந்து நாட்களுக்குள் ‘ஆம்பட்ஸ்மன்’ என்னும் நடுவரிடம் முறையிடலாம்.

இதற்கெல்லாம் மேலாக 2009ஆம் ஆண்டுச் சட்டமே ஓர் உரிமையைத் தருகிறது. பல்கலைக் கழகத்தின் எந்த அலுவலர் அல்லது அவையின் முடிவையும் எதிர்த்து ஆட்சிக் குழுவிடம் மேல்முறையீடு செய்ய ஒவ்வொரு மாணவருக்கும் உரிமை உண்டு. அம்முடிவை உறுதி செய்யவோ, மாற்றவோ, நீக்கவோ அக்குழுவால் முடியும். ஒழுங்கு நடவடிக்கையால் பெயர் நீக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் தேர்வெழுதத் தடை பெற்றவர், ஆணை கைக்கு வந்த பத்து நாட்களுக்குள் முறையிட வேண்டும். பத்தே நாள்! அழுதுகொண்டு ஊருக்கு வண்டி ஏறியவர் அப்பத்து நாளையும் வீட்டில் கழித்துவிட்டால் கதவு அடைபட்டுவிடும்.

நண்பர்களே, புதிதாக வருகின்ற தம்பி தங்கையர்க்கு நம் சங்கம் விருந்து வைக்கிறது. விடுதியில் இடம் பார்த்துக் கொடுக்கிறது. பொங்கலுக்குப் பானை ஏற்றுகிறது. அவற்றோடு இந்த அறிவையும் கைமாற்ற வேண்டும். மொழி புதிது, ஊர் புதிது, படித்த குடும்பத்தின் துணையும் பலருக்கு இல்லை. அப்படிப்பட்டவனுக்கு விதி ஒன்றே உறவினன். எதையும் எழுத்தில் கொடு; நாள் இடு; பெற்றதற்குக் கையொப்பமோ முத்திரையோ வாங்கிக்கொள்; ‘இதை முடிவு செய்யும் குழு எது, அது எப்போது கூடுகிறது?’ என்று பணிவாகக் கேள். இந்த நான்கையும் அவன் அறிந்திருந்தால் போதும்.

என் நண்பர் சென்ற ஆண்டு பட்டம் பெற்றார். தம் துறைக்கு வரும் புதிய மாணவர்களுக்கு முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்துவந்தாராம். அதில் குழுக்களின் பெயரும், ஒவ்வொன்றும் எதை முடிவு செய்யும் என்பதும், எத்தனை நாள் முன்னே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் ஒரே பக்கத்தில் இருக்குமாம். நம் புலத்துக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் அதை நாம் எழுதி முடிப்போம்.